கெட்டி அட்டையில் சொந்தப் பதிப்பு, தேவைக்கேற்ற அச்சில்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு, சபை வரலாறு, தறவாட்டுக் கதை, மணிவிழா மலர், அப்பா எழுதி வைத்த கவிதை நோட்டு, வர்மக் குறிப்புகள் என்று குமரி மாவட்டத்தில் புத்தகமாகக் காத்திருக்கும் எழுத்துக்குக் குறைவே இல்லை. நாகர்கோவிலில் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து வருகிறேன். மார்த்தாண்டத்திலிருந்து வருபவரும் குளச்சலிலிருந்து வருபவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அச்சு விலை அடிக்கடி மாறுவதால் விலைப்பட்டியல் தரவில்லை; கணக்குப் போடும் முறையைத் தந்திருக்கிறேன்.

பிரிண்ட் ஆன் டிமாண்ட்னு சொல்லுதாவளே, அது சாதாரண அச்சுல இருந்து எப்படி வேற?

ஆஃப்செட் அச்சில் முதலில் பிளேட் (அச்சுத் தகடு) எடுக்க வேண்டும். மெஷினை ஓட்டி, மை சீராக விழும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். இந்த ஆரம்பச் செலவு 100 பிரதி அடித்தாலும் ஒன்றுதான், 1000 பிரதி அடித்தாலும் ஒன்றுதான். "கூட எடுத்தா ரேட் குறையும்" என்று அச்சகத்தில் சொல்வது இதனால்தான்.

தேவைக்கேற்ற அச்சில் பிளேட் கிடையாது. உங்கள் பிடிஎஃப் நேராக டிஜிட்டல் மெஷினுக்குப் போகிறது. ஆர்டர் வந்தால் அந்த ஒரு பிரதி அச்சாகி, பைண்டிங் ஆகி, வாங்கியவர் வீட்டுக்குப் போகும். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஆஃப்செட்டைவிடக் கூடுதல். ஆனால் மொத்தப் பணத்தையும் முன்னால் போட வேண்டாம், கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகப் புத்தகம் அடுக்கி வைக்கவும் வேண்டாம்.

அப்போ ஒரே ஒரு காப்பி கேட்டாலும் கெட்டி அட்டை போட்டுத் தருவாங்களா?

தருகிற நிறுவனங்கள் உண்டு. சென்னையில் இருக்கும் நோஷன் பிரஸ், பெங்களூருவில் இருக்கும் போத்தி போன்றவை தேவைக்கேற்ற அச்சில் பல ஆண்டுகளாக இருப்பவை. சாதா அட்டையை எந்த அளவிலும் செய்பவர்கள் கெட்டி அட்டைக்கு மட்டும் சில கட்டுப்பாடு வைப்பார்கள்: இத்தனை பக்கத்துக்குக் குறையக் கூடாது, இந்த இந்த அளவுதான், இத்தனை பிரதியாவது எடுக்க வேண்டும் என்று. கோப்பு தயாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் எல்லாம் வடிவமைத்து முடித்த பிறகு அளவை மாற்றினால் பொருளடக்கம், சொல்லடைவு, படத்தின் இடம் எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கெட்டி அட்டை உண்மையிலேயே வேணுமா? சாதா அட்டை போதாதா?

கடையில் விற்க வேண்டிய நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் சாதா அட்டையே போதும். தமிழில் வாசகர் விலை பார்த்துத்தான் வாங்குகிறார். கெட்டி அட்டை விலையைத் தூக்கிவிடும்.

பலர் கை மாறும் புத்தகத்துக்கும், ஒரு தலைமுறையாவது இருக்க வேண்டிய புத்தகத்துக்கும் கெட்டி அட்டை தகும். குடும்ப வரலாறு, ஊர் வரலாறு, சொல்லகராதி, கோவிலின் அல்லது சபையின் ஆவணத் தொகுப்பு இந்த வகை. பலருக்கு நான் சொல்வது, ஒரே உள்பக்கங்களை வைத்து இரண்டு பதிப்பு செய்யுங்கள் என்பதே. விற்பனைக்குச் சாதா அட்டை. வீட்டுக்கும் நூலகத்துக்கும் உறவினருக்கும் கெட்டி அட்டை. தேவைக்கேற்ற அச்சில் இது எளிது, ஏனென்றால் கெட்டி அட்டையில் பத்துப் பிரதி மட்டும் எடுத்தாலும் நட்டமில்லை.

எனக்க அப்பா கையால எழுதின நாலு நோட்டு இருக்கு. எங்க இருந்து தொடங்கணும்?

முதலில் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் தட்டச்சு. அச்செழுத்தை எழுத்துணரி மென்பொருள் ஓரளவு நன்றாகப் படிக்கும். தமிழ்க் கையெழுத்தை நம்பி அதனிடம் கொடுக்க முடியாது. ஆள் உட்கார்ந்து அடிக்க வேண்டும், அடித்ததை நோட்டோடு ஒப்பிட்டு இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர் நம் பக்கத்து ஆளாக இருப்பது நல்லது. "அவிய", "எனக்க", "பைய" போன்ற சொற்களை வெளியூர்க்காரர் பிழை என்று நினைத்து "அவர்கள்", "என்னுடைய", "மெதுவாக" என்று திருத்திவிடுவார். உங்கள் அப்பாவின் குரல் அங்கேயே போய்விடும். கடல் சார்ந்த எழுத்து என்றால் மீன் பெயர், காற்றின் பெயர், வலை வகை எல்லாம் தெரிந்த ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய நோட்டுகளில் தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். அதை அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் தாருங்கள். சிங்ஙம் (ஆவணி) பிறக்கும் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரி தொடங்கி அடுத்த சிங்ஙம்வரை 825. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132இல் வருகிறது.

பழைய பேஜ்மேக்கர் ஃபைல் இருக்கு, அதையே அனுப்பினா போதாதா?

போதாது. பேஜ்மேக்கர் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பெரும்பாலும் யூனிகோடு (எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறை) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறியீடுகள்தான் தெரியும். அச்சு வந்தாலும், தேடுவதற்கோ மின்னூல் ஆக்குவதற்கோ உதவாது. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றியில் போட்டு மாற்றி, பிறகு முழுதாக ஒரு மெய்ப்புப் பாருங்கள். மாற்றியில் கொம்பும் காலும் இடம் மாறும். க்ஷ, ஸ்ரீ, ஔ போன்றவை அடிக்கடி உடையும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் "கொ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவுக்கு உரிமமும் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேடமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. புத்தகத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

என்ன சைஸ் எடுக்கணும்? தாள் எது நல்லது?

தமிழ்ப் புத்தகக் கடையில் நீங்கள் அதிகம் பார்ப்பது டெம்மி எட்டில் ஒன்று, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம். நிறுவனத்திடம் அந்த அளவு கெட்டி அட்டையில் இருந்தால் அதையே எடுங்கள். ஆவணமும் படமும் அதிகமுள்ள ஊர் வரலாற்றுக்கு 6க்கு 9 அங்குலம் வசதி.

தாளில் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையைக் குறிக்கும் அளவு), பளீர் வெள்ளையைவிட மங்கல் நிறம் கண்ணுக்கு இதம். வயதானவர்கள் வாசிக்கும் புத்தகம் என்றால் எழுத்தை 12 புள்ளிக்குக் குறைக்காதீர்கள். பக்கம் கூடுகிறதே என்று எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, தேவையில்லாத வாழ்த்துரைகளைக் குறைக்கலாம்.

உள்ள பசையா, தையலா? அதை எப்படிக் கண்டுபிடிக்கது?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கேட்பவர்கள் குறைவு. அட்டை கெட்டியாக இருப்பதால் மட்டும் புத்தகம் நெடுநாள் இருக்காது. உள்பக்கங்களை முதுகில் எதனால் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. தேவைக்கேற்ற அச்சில் வரும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பெரும்பாலும் பசை பைண்டிங்தான்: தனித்தனித் தாளாக அடுக்கி, முதுகை உரசிச் சொரசொரப்பாக்கி, சூடான பசை தடவி, அந்தக் கட்டைக் கெட்டி அட்டைக்குள் ஒட்டுகிறார்கள். தையல் பைண்டிங்கில் 16 பக்கம் கொண்ட ஃபாரம் ஃபாரமாக மடித்து, மடிப்பின் வழியே நூல் ஓடும்.

ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்து, தலைப்பக்கம் மேலாக இருக்கும்படி பிடித்து, முதுகின் மேல் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தையல் என்றால் தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாக, வளைவு வளைவாகத் தெரியும். பசை என்றால் வெட்டிய தாள்கள் ஒரே நேர்கோடாக நிற்கும். அடுத்து, புத்தகத்தை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். தையல் புத்தகத்தில் ஏதாவது ஒரு விரிப்பில் நூல் கண்ணில் படும். முதுகின் மேல்நுனியில் தெரியும் வண்ணப் பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அழகுக்கு ஒட்டுவது, தையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பசைதான் கிடைக்கிறது என்றால் என்ன பசை என்று கேளுங்கள். வழக்கமான ஹாட்மெல்ட் பசை வெயிலில் இளகும், வருடக்கணக்கில் காய்ந்து விரியும். பியூஆர் என்ற வகைப் பசை நெகிழ்ந்து கொடுக்கும், தாளையும் விடாமல் பிடிக்கும். இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் தரத் தயங்கும் நிறுவனத்தில் குடும்ப வரலாற்றை அச்சடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மேல ஜாக்கெட் போட்டது நல்லதா, அட்டையிலேயே படம் ஒட்டினது நல்லதா?

அட்டையிலேயே அச்சிட்ட தாளை ஒட்டி லேமினேஷன் செய்வது தேவைக்கேற்ற அச்சில் பொதுவாகக் கிடைப்பது. ஜாக்கெட், அதாவது அட்டைமேல் கழற்றும்படி சுற்றும் தாளுறை, அழகாக இருக்கும், ஆனால் ஓரம் கிழியும். நூலகத்துக்கும் கைமாறும் புத்தகத்துக்கும் ஒட்டிய அட்டையே மேல்.

கவர் டிசைனை சாதா அட்டைக்குப் பண்ணினதையே இதுக்கும் குடுக்கலாமா?

முடியாது. கெட்டி அட்டைக்கு உள்ளே வைக்கும் பலகை (கனமான அட்டை) உள்பக்கத்தைவிட மூன்று பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். அச்சிட்ட தாள் அந்தப் பலகையைச் சுற்றி உள்ளே மடிந்து ஒட்ட வேண்டும். அதற்குச் சுற்றிலும் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் கூடுதல் வேண்டும். முதுகுக்கும் பலகைக்கும் நடுவே அட்டை மடங்கும் பள்ளம் ஒன்று உண்டு. எழுத்தோ முகமோ அந்தப் பள்ளத்தில் விழுந்தால் பாதி மறையும்.

முதுகின் அகலம் தாளின் கனத்தைப் பொறுத்தது. 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 240 பக்கம் என்றால் 120 தாள், சுமார் 12 மில்லிமீட்டர். அதன்மேல் பலகையின் கனம். இதை மனக்கணக்காகப் போடாமல், உள்பக்க எண்ணிக்கை முடிவான பிறகு நிறுவனத்தின் வார்ப்புருவை இறக்கி அதன்மேல் வடிவமையுங்கள். பக்கம் இன்னும் கூடலாம் என்ற நிலையில் அட்டை வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நம்ம ஊரு ஈரத்துல கெட்டி அட்டை வளையாதா?

வளையும், செய்முறை சரியில்லை என்றால். குமரிக்கு இரண்டு பருவமழை. ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை, போதாததற்குக் கடற்காற்று. பலகை ஈரத்தை உறிஞ்சி விரியும், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் லேமினேஷன் விரியாது. இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது அட்டை வில்போல் வளைகிறது.

இதில் அச்சகத்தின் பங்கு காகித இழையின் திசை. தாளிலும் பலகையிலும் இழை ஒரு திசையில் ஓடும். ஈரத்தில் தாள் விரிவது இழைக்குக் குறுக்காகத்தான். இழை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் பக்கம் அலை அலையாகச் சுருங்கும், அட்டை மேலும் கீழும் வளையும். மாதிரிப் பிரதியின் ஒரு தாளை மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு ஓடும் திசைதான் இழை.

உங்கள் பங்கு, வைக்கும் இடம். மழைப்பக்கச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே கையகல இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கரையானும் ராமபாணப் பூச்சியும் நெருங்காமல் இருக்க அவ்வப்போது எடுத்துத் தட்டித் தூசு துடைத்து வைப்பதே நல்ல வைத்தியம். புதிதாக வந்த பிரதிகளைச் சில நாள் படுக்க வைத்து, மேலே பாரம் ஏற்றி வைத்தால் அட்டை படிந்துகொள்ளும்.

பழைய போட்டோ நெறைய இருக்கு. வாட்ஸ்அப்புல வந்ததை வெச்சா தெளிவா வருமா?

வராது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். மூலப் படத்தை ஸ்கேனரில் வைத்து, அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வரும்படி எடுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600இல் எடுக்க வேண்டும். படம் உங்களிடம் இல்லையென்றால், வைத்திருக்கும் சித்தப்பா வீட்டுக்கு நேரில் போய் எடுத்து வருவதே வழி.

வண்ணப் பக்கம் செலவு கூட்டும். சில நிறுவனங்களில் ஒரு பக்கம் வண்ணம் என்றாலும் முழுப் புத்தகத்துக்கும் வண்ண விலை போடுவார்கள். பழைய படங்கள் கருப்பு வெள்ளைதானே. உள்ளே அப்படியே வைத்து, அட்டையில் மட்டும் வண்ணத்தை வையுங்கள். உரிமையைப் பொறுத்தவரை, காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுக்கச் சொன்ன குடும்பப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். செய்தித்தாளில் வந்த படத்துக்கும் இணையத்தில் கிடைத்த படத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

எங்க குடும்ப ஆதாரம் எல்லாம் மலையாளத்துல இருக்கு. ரெண்டு பாசையும் ஒரே புக்குல போடலாமா?

போடலாம். 1956க்கு முந்தைய நம் ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் இருப்பது இயல்பு. மலையாளப் பகுதிக்கு மலையாள யூனிகோடு எழுத்துருவைத் தனியாக ஒதுக்கி, இரண்டு எழுத்துருவும் பிடிஎஃப்பில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தின் படம், மலையாள எழுத்துப்பெயர்ப்பு, தமிழாக்கம் மூன்றும் அடுத்தடுத்து வந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கும். மலையாளம் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கங்களை மட்டும் கடைசி மெய்ப்பில் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் காசு குடுத்து வாங்கணுமா?

வேண்டாம். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் எண். இந்தியாவில் அது இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். எண் 13 இலக்கம். இந்தியப் புத்தகங்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஓடாமல், மெய்ப்புப் பார்க்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சாதா அட்டைக்கு வாங்கின நம்பரையே கெட்டி அட்டைக்கும் போடலாமா?

கூடாது. கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். கடையில் அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பதிப்பு, என்ன விலை என்று பிரித்தறிகிறார்கள். இரண்டு பதிப்பு செய்வதாக இருந்தால் இரண்டு எண்ணுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

நிறுவனம் தன் எண்ணைத் தந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். நாளைக்கு வேறு இடத்தில் அச்சடிக்கப் போனால் அந்த எண்ணை எடுத்துப் போக முடியாது. கொஞ்சம் பொறுமை இருந்தால் சொந்தப் பெயரில் வாங்குவதே நல்லது.

விலை எப்படி வைக்கணும்? கைக்கு எவ்வளவு நிக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெட்டி அட்டைப் பிரதி ஒன்றுக்கு அச்சுச் செலவு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 600 போடுகிறீர்கள். விற்கும் தளமோ கடையோ 40 சதவீதம் எடுத்தால் 240 போகும். மிச்சம் 360. அதில் அச்சுச் செலவு போக உங்களுக்கு 60 ரூபாய். அதே புத்தகத்தை 500க்கு வைத்தால் 200 போய் மிச்சம் 300. கைக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே கெட்டி அட்டையை நேரடியாக விற்பதே லாபம். எழுத்தாளர் பிரதி விலையில் (எழுதியவருக்கு மட்டும் நிறுவனம் தரும் விலை) வாங்கி, உறவினருக்கும் ஊர்க்காரருக்கும் நீங்களே கொடுத்தால் நடுவில் கழிவு போகாது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி பூஜ்யம், அதனால் புத்தகத்தின் விலைமேல் வரி கூட்டிக் கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள். அச்சு, வடிவமைப்பு போன்ற சேவைகளுக்கு வரி வேறு. அதை ரசீதில் பிரித்துக் காட்டச் சொல்லலாம்.

பேக்கேஜ்னு பெரிய தொகை கேக்காங்க. குடுக்கலாமா?

பேக்கேஜ் என்பதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தட்டச்சு, மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை இவற்றுக்குப் பணம் கேட்பது நியாயம், உழைப்பு இருக்கிறது. ஐஎஸ்பிஎன்னுக்கு என்று பணம், "உலகமெங்கும் கிடைக்கும்" என்று பணம், விருது, பதக்கம், எழுத்தாளர் சான்றிதழ் என்று பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓய்வூதியப் பணத்தை எடுத்துக் கொண்டுபோய் இதில் போட்ட ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது சில பிரதிகளும் ஒரு கேடயமும். உங்கள் எழுத்துக்கு அச்சில் வரும் தகுதி ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சான்றிதழ் கொடுத்து யாரும் தர வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் உரிமை யாருடையது, எத்தனை வருடம், விலகினால் கோப்பு யாருக்கு என்ற மூன்று வரியையும் தேடிப் படியுங்கள்.

அமேசான்ல நேரடியா கெட்டி அட்டை போடலாம்னு சொன்னாவளே?

எழுதியவரே நேரடியாகப் பதிப்பிக்கும் அமேசானின் கேடிபி சேவையில் 2021 முதல் கெட்டி அட்டை உண்டு: 75 முதல் 550 பக்கம் வரை, ஜாக்கெட் இல்லாமல், அட்டையிலேயே ஒட்டிய வகை. நமக்கு இதில் இரண்டு தடை. தமிழ் அங்கே மின்னூலுக்கு ஏற்கப்பட்ட மொழி, அச்சுப் புத்தகத்துக்கு அல்ல. அதோடு அந்த அச்சுச் சேவை இந்திய அமேசான் தளத்துக்குக் கிடையாது. மின்னூலை அங்கே போடுங்கள். கெட்டி அட்டைப் பிரதி இந்திய அமேசானில் தெரிய வேண்டும் என்றால் மேலே சொன்ன இந்திய நிறுவனங்கள் வழியாகப் போவது எளிது.

பிள்ளைங்க வெளிநாட்டுல. அவங்களுக்கு அங்கயே அச்சாகி கிடைக்குமா?

கிடைக்கும். லுலு என்ற அமெரிக்க நிறுவனம் (வளைகுடாவில் நம் ஆட்கள் பொருள் வாங்கப் போகும் கடை அல்ல) உங்கள் பிடிஎஃப்பை வாங்கிக் கெட்டி அட்டையில் அச்சிட்டு அனுப்பும். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவருக்கு இது வசதி. வளைகுடாவில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது இங்கே அச்சான பிரதியைக் கொண்டுபோவதே செலவு குறைவு. இரண்டு இடத்திலும் தாள் கனம் வேறு. முதுகு அகலம் மாறும் என்பதால் அட்டைக் கோப்பைத் தனியாகச் செய்ய வேண்டும்.

விழாவுக்கு 300 காப்பி வேணும். அதுக்கும் இதே வழிதானா?

இல்லை. 300ஐத் தொட்டால் ஆஃப்செட்டிலும் விலை கேளுங்கள். சிவகாசியிலும் நம் ஊரிலும் தையல் போட்டுக் காலிகோத் துணி ஒட்டித் தரும் பைண்டர்கள் இருக்கிறார்கள். தையலைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால், அந்த எண்ணிக்கைக்கு அதுவே நல்ல வழி. விழா முடிந்த பிறகு ஒன்றிரண்டாகக் கேட்பவர்களுக்குத் தேவைக்கேற்ற அச்சு. விழாத் தேதி பதித்து அழைப்பிதழ் கொடுப்பதற்கு முன், மாதிரிப் பிரதி கையில் வந்திருக்க வேண்டும்.

அப்பா தவறிட்டாங்க. அவங்க எழுத்தை நான் மட்டும் முடிவெடுத்துப் போடலாமா?

பதிப்புரிமை, எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. உயில் இல்லையென்றால் அந்த உரிமை நிலம், வீடு மாதிரியே வாரிசுகள் எல்லாருக்கும் போகும். அண்ணன், அக்கா, அம்மா எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். ஒரே பக்கம் போதும்: புத்தகத்தின் பெயர், யார் பதிப்பிக்கிறார், வருமானம் யாருக்கு. புத்தகம் வந்த பிறகு குடும்பத்தில் வரும் மனவருத்தத்தை இந்த ஒரு தாள் தடுக்கும். உரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை உண்டு.

லைப்ரரிக்கு காப்பி அனுப்பணும்னு சட்டம் இருக்கா?

இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மைய நூலகம், டெல்லி பொது நூலகம். ஐஎஸ்பிஎன் உங்கள் பெயரில் என்றால் பதிப்பாளர் நீங்கள்தான். இதைச் சுமையாக நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் வரலாறு கன்னிமாராவில் இருந்தால் எங்கிருந்தோ வரும் ஆய்வாளரும் எடுத்துப் பார்ப்பார். சட்டத்தில் இல்லாவிட்டாலும் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள்.

தபால்ல அனுப்ப எது மலிவு?

அஞ்சல் துறை 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், எங்கே இருக்கிறது என்று பின்தொடரலாம். புத்தகத்தில் அச்சகத்தின் அல்லது பதிப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். ஆகவே பதிப்பு விவரப் பக்கத்தில் அதை விடாதீர்கள். கெட்டி அட்டையின் மூலைதான் முதலில் நசுங்கும். நான்கு மூலைக்கும் அட்டைத் துண்டு மடித்து வைத்து, மழைக்காலத்தில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் சுற்றி அனுப்புங்கள்.

அச்சான பிறகு ஒரு பெயர் தப்பா இருக்குன்னு தெரிஞ்சா?

கோப்பைத் திருத்தி ஏற்றினால் அடுத்த பிரதியிலிருந்து சரியாக வரும். எழுத்துப்பிழை திருத்தத்துக்குப் புது ஐஎஸ்பிஎன் தேவையில்லை. அத்தியாயம் சேர்த்தாலோ உள்ளடக்கம் கணிசமாக மாறினாலோ அது புதிய பதிப்பு, புது எண் வேண்டும். ஏற்கெனவே போன பிரதிகளுக்குப் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அச்சிட்டுக் கொடுங்கள். வம்சாவளியில் பெயர் விடுபட்டால் அந்த வீட்டுக்காரருக்கு அது சின்ன விஷயமல்ல. அச்சுக்கு முன்பே வம்சாவளிப் பக்கங்களை ஒவ்வொரு கிளை வீட்டிலும் காட்டி, பார்த்தவரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.

கம்பெனியே மூடிட்டா எனக்க புக்கு என்னாவும்?

கோப்புகள் உங்களிடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. பணம் முழுதாகக் கொடுப்பதற்கு முன் இவற்றை வாங்கிவிடுங்கள்: உள்பக்கத்தின் பிடிஎஃப், அட்டையின் பிடிஎஃப், இரண்டின் மூலக் கோப்புகள், எழுத்துருக்கள், யூனிகோடு தட்டச்சுக் கோப்பு, ஸ்கேன் செய்த படங்கள். ஐஎஸ்பிஎன் உங்கள் பெயரில் இருந்தால் வேறு அச்சகத்தில் அதே எண்ணோடு தொடரலாம். முதுகு அகலத்தை மட்டும் அவர்கள் தாளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பென்டிரைவ் ஒன்றை வீட்டிலும், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் வைத்து, இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி ஏற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, திறக்காததை மாற்றிவிடுங்கள்.